சுமை கேட்கும் எலும்பு

எலும்புப்புரை வந்தவர்களை உட்கார வைத்துப் பார்த்துக்கொள்வதே வைத்தியம் என்று பல வீடுகளில் நினைக்கிறார்கள். எலும்பின் இயல்பு வேறு.

ஹைதராபாத்தின் மேற்கு ஓரத்தில் மும்பை நெடுஞ்சாலையை ஒட்டி இருக்கிறது ராமச்சந்திராபுரம். 1960களில் பெல் நிறுவனத்தின் தொழிற்சாலை இங்கே வந்தபோது கூடவே ஒரு டவுன்ஷிப்பும் எழுந்தது. வேலைக்கு வந்த தமிழ்க் குடும்பங்களும் அதில் குடியேறின. அன்று புது மனைவியாக ரயிலிலிருந்து இறங்கியவர்களுக்கு இன்று எண்பதை ஒட்டிய வயது. அவர்களுடைய மகள்களும் மருமகள்களும் ஐம்பதைத் தாண்டிவிட்டார்கள். ஆஸ்டியோபோரோசிஸ் என்று டாக்டர்கள் சொல்லும் எலும்புப்புரை நோய், கதவைத் தட்டாமலேயே உள்ளே வரும் வயது இது.

நோய் வெளிப்படும் விதம் பெரும்பாலும் ஒன்றுதான். அறுபதைக் கடந்த பெண் ஒருவர் குளியலறையில் தண்ணீர் வாளியைக் குனிந்து தூக்குகிறார். முதுகில் சுரீரென்று ஒரு வலி. சுளுக்கு என்று நினைத்துத் தைலம் தேய்க்கிறார்கள். இரண்டு வாரமாகியும் தீரவில்லை. எக்ஸ்ரே எடுத்தால் முதுகுத்தண்டின் முள்ளெலும்பு ஒன்று முன்பக்கம் நசுங்கியிருப்பது தெரிகிறது. அடுத்தது எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன். அதில் டி-ஸ்கோர் மைனஸ் 2.5 அல்லது அதற்கும் கீழே இருந்தால் எலும்புப்புரை. மைனஸ் 1க்கும் மைனஸ் 2.5க்கும் இடையில் இருந்தால் எலும்பு மெலிவு. உலக சுகாதார நிறுவனம் 1994இல் வகுத்த அளவுகோல் இது.

ரிப்போர்ட் வந்த அன்றே வீட்டில் சட்டம் போடப்படுகிறது. "அம்மா, இனிமே நீங்க எதையும் தூக்கக் கூடாது, மாடி ஏறக் கூடாது. பேசாம உட்காருங்க, போதும்." வாக்கிங் நிற்கிறது. துணி காயப்போடவும் பாத்திரம் தேய்க்கவும் ஆள் வருகிறார். அம்மா டி.வி. முன் நாற்காலிக்குப் போகிறார். எல்லாம் அன்பினால் செய்வதுதான். ஆனால் மாத்திரைகளும் டானிக்கும் ஒரு பக்கம் சேர்க்க முயலும் எலும்பை, அந்த நாற்காலி மறு பக்கம் கரைத்துக்கொண்டிருக்கிறது.

இரும்பு வேறு, எலும்பு வேறு

ராமச்சந்திராபுரம் தொழிற்சாலையில் டர்பைன்களும் கம்ப்ரஸர்களும் உருவாகின்றன. சுழலும் இரும்புத் தண்டின் மீது ஆண்டுக்கணக்கில் சுமை ஏறி இறங்கினால் உலோகம் களைத்துப்போகும், ஒருநாள் விரிசல் விடும் என்பது அங்கே வேலை பார்த்தவர்களுக்குத் தெரிந்த பாடம். எலும்பைப் பற்றியும் பலர் அப்படித்தான் நினைக்கிறார்கள்: தேயும் பொருள், பத்திரமாக வைத்தால் நெடுநாள் வரும் என்று. உயிருள்ள எலும்பு அப்படி நடந்துகொள்வதில்லை. அளவான சுமை விழும் இடத்தில் அது கெட்டிப்படுகிறது. சுமை விழாத இடத்தில் இளைக்கிறது. ஜெர்மானிய அறுவை சிகிச்சை நிபுணர் ஜூலியஸ் வோல்ஃப் 1892இல் இதை ஒரு விதியாகவே எழுதி வைத்தார்.

டென்னிஸ் வீரர்களின் மட்டை பிடிக்கும் கையில் எலும்பு மற்ற கையைவிடத் தடித்திருக்கும். விண்வெளி வீரர்களுக்கு இதன் மறுபக்கம் நேர்கிறது. எடையே இல்லாத அந்தச் சூழலில் இடுப்பு போன்ற, உடலைத் தாங்கும் எலும்புகள் மாதத்துக்கு 1 முதல் 1.5 சதவீதம் வரை அடர்த்தியை இழக்கின்றன. அதைத் தடுக்கத்தான் சர்வதேச விண்வெளி நிலையத்தில் இருப்பவர்கள் தினமும் இரண்டு மணி நேரத்தை உடற்பயிற்சிக்கு ஒதுக்குகிறார்கள். படுத்த படுக்கையாக இருப்பவரின் எலும்பும் ஏறக்குறைய விண்வெளியில் இருப்பவரின் நிலையில்தான் இருக்கிறது.

எலும்புக்குள் வாழ்நாள் முழுவதும் இரண்டு வேலை நடக்கிறது. ஒரு வகைச் செல்கள் பழைய எலும்பை அரித்து எடுக்கின்றன. இன்னொரு வகைச் செல்கள் அந்தக் குழியில் புதிய எலும்பைப் பூசுகின்றன. பெரியவர்களின் உடலில் ஆண்டுக்குச் சுமார் 10 சதவீத எலும்பு இப்படிப் புதுப்பிக்கப்படுகிறது. முப்பது வயதுவாக்கில் எலும்பு தன் உச்ச அடர்த்தியை எட்டுகிறது. அதன் பிறகு வரவைவிடச் செலவு மெல்ல மிஞ்சுகிறது. மாதவிடாய் நின்று ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் குறைந்ததும் அரிப்பு வேகம் பிடிக்கிறது. அடுத்த ஐந்து முதல் ஏழு ஆண்டுகளுக்குள் எலும்பின் அடர்த்தியில் 20 சதவீதம் வரை இழக்கும் பெண்கள் உண்டு. ஆண்களுக்கும் இந்த நோய் வருகிறது, சற்றுத் தாமதமாக. ஸ்டீராய்டு மாத்திரைகளை நீண்ட காலம் சாப்பிடுபவர்களுக்கு வயது வித்தியாசமே கிடையாது.

எலும்பின் உள்ளே புதைந்திருக்கும் மூன்றாவது வகைச் செல்கள்தான் சுமையை உணர்கின்றன. எடை விழாதபோது இவை ஸ்க்லெரோஸ்டின் என்ற புரதத்தை அதிகமாகச் சுரந்து, பூச்சு வேலையை நிறுத்தி வைக்கின்றன. எடை விழும்போது சுரப்பு குறைந்து வேலை மறுபடி தொடங்குகிறது. இந்தப் புரதத்தைத் தடுப்பதற்காகவே உருவான ரோமோசோசுமாப் என்ற ஊசிமருந்துக்கு அமெரிக்கா 2019இல் அனுமதி அளித்தது. விலை உயர்ந்த அந்த மருந்து பிடிக்கும் கயிற்றைத்தான், தன் அளவில், உடற்பயிற்சியும் பிடித்து இழுக்கிறது.

தார்நாகா சொன்ன செய்தி

அப்படியானால் நாள் முழுக்க உடலால் உழைப்பவர்களுக்கு இந்த நோய் வரக் கூடாதல்லவா? இதற்கு விடை ஹைதராபாத்திலேயே இருக்கிறது. 1918இல் ராபர்ட் மெக்கரிசன் குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தில் ஒற்றை அறையில் தொடங்கிய ஆராய்ச்சிப் பிரிவு வளர்ந்து, 1958இல் ஹைதராபாத்துக்கு இடம் மாறியது. தார்நாகாவில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் அதுதான்.

இந்த நிறுவனத்தைச் சேர்ந்த டாக்டர் வீணா சத்ருக்னாவும் சகாக்களும் குறைந்த வருமானப் பிரிவைச் சேர்ந்த, 30 முதல் 60 வயதுக்கு உட்பட்ட 289 பெண்களின் எலும்பு அடர்த்தியை அளந்தார்கள். முடிவு 2005இல் வெளியானது. தொடை எலும்பின் கழுத்துப் பகுதியில் 52 சதவீதம் பேருக்கு எலும்பு மெலிவு, 29 சதவீதம் பேருக்கு எலும்புப்புரை. இவர்கள் உணவில் கிடைத்த கால்சியம் சராசரியாக நாளொன்றுக்கு 270 மில்லிகிராம். தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020இல் திருத்திய பரிந்துரைப்படி பெரியவர்களுக்கு வேண்டியது 1,000 மில்லிகிராம்.

இந்தப் பிரிவுப் பெண்களுக்கு உழைப்பில் குறைவிருக்க வாய்ப்பில்லை. குறை தட்டில் இருக்கிறது. செங்கல் இல்லாமல் கொத்தனாரை மட்டும் வரவழைத்தால் சுவர் எழும்பாது. சுமை வேலைக்காரரை அழைக்கும். சுவரை எழுப்பக் கால்சியமும் புரதமும் வைட்டமின் டியும் வேண்டும். தவிர, உழைப்பும் உடற்பயிற்சியும் ஒன்றல்ல. குனிந்து பெருக்குவது, குத்தவைத்துத் துவைப்பது, குடத்தை இடுப்பில் வைத்து ஒரு பக்கமாகச் சாய்ந்து நடப்பது எல்லாம் முதுகுத்தண்டின் முன்பக்கத்தையே மீண்டும் மீண்டும் நெருக்கும் வேலைகள்.

அம்மாவை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு அவருடைய வேலையை யாரிடம் ஒப்படைக்கிறார்களோ, அந்தப் பெண்ணின் எலும்பு அம்மாவுடையதைவிட மோசமாக இருக்கலாம். அவருக்கு யாரும் ஸ்கேன் எடுப்பதில்லை என்பது ஒன்றே வித்தியாசம்.

நிமிர்ந்தவர்களும் குனிந்தவர்களும்

எந்தப் பயிற்சி எலும்பைக் காக்கும், எது உடைக்கும் என்பதில் ஊகத்துக்கு இடமில்லாத ஆய்வுகள் இருக்கின்றன. அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் டாக்டர் மெஹர்ஷீத் சினாகி நடத்திய ஆய்வு 1984இல் வெளிவந்தது. முதுகுத்தண்டில் எலும்புப்புரை இருந்த 59 பெண்கள் அதில் பங்கேற்றார்கள். முதுகை நிமிர்த்தும் பயிற்சி மட்டும் செய்தவர்களில் 16 சதவீதம் பேருக்குத்தான் பிறகு முள்ளெலும்பு புதிதாக நசுங்கியது. முன்பக்கம் குனியும் பயிற்சி மட்டும் செய்தவர்களில் அது 89 சதவீதம். இரண்டையும் கலந்து செய்தவர்களில் 53 சதவீதம். எந்தப் பயிற்சியும் செய்யாதவர்களில் 67 சதவீதம். சிறிய ஆய்வுதான். ஆனாலும் தவறான பயிற்சியைவிடச் சும்மா இருப்பது மேல், சும்மா இருப்பதைவிடச் சரியான பயிற்சி மிக மேல் என்பதை இந்த நான்கு எண்கள் சொல்லிவிட்டன.

அதே டாக்டர் 2002இல் இன்னொரு முடிவை வெளியிட்டார். மாதவிடாய் நின்ற 50 பெண்களில் ஒரு பிரிவினர் இரண்டு ஆண்டுகள் முதுகுத் தசைகளுக்குப் பயிற்சி செய்து நிறுத்திவிட்டார்கள். மற்றவர்கள் செய்யவில்லை. பத்தாவது ஆண்டில் எல்லோருக்கும் எக்ஸ்ரே எடுத்தபோது, பயிற்சி செய்யாதவர்களுக்கு முள்ளெலும்பு நசுங்கும் அபாயம் 2.7 மடங்கு அதிகமாக இருந்தது. இரண்டு ஆண்டு உழைப்பின் பலன் அதற்குப் பின் எட்டு ஆண்டுகள் கழித்தும் தெரிந்தது.

ஆஸ்திரேலியாவின் கிரிஃபித் பல்கலைக்கழகக் குழு ஒரு படி மேலே போனது. எலும்பு அடர்த்தி குறைந்த 101 பெண்கள் அந்த ஆய்வில் சேர்ந்தார்கள். அவர்களில் ஒரு பிரிவினர் வாரம் இரண்டு முறை, முறைக்கு 30 நிமிடம், பயிற்சியாளரின் நேரடிக் கண்காணிப்பில் கனமான எடைகளைத் தூக்கினார்கள். எட்டு மாத முடிவில் அவர்களுடைய கீழ்முதுகு எலும்பின் அடர்த்தி 2.9 சதவீதம் கூடியது. வீட்டிலேயே லேசான பயிற்சி செய்தவர்களுக்கு 1.2 சதவீதம் குறைந்தது. 2018இல் வெளியான இந்த ஆய்வைப் படித்துவிட்டு நாளைக்கே பாட்டியை ஜிம்முக்கு அழைத்துப் போக வேண்டியதில்லை. அந்தப் பெண்கள் குறைந்த எடையில் தொடங்கி, தூக்கும் முறையைக் கற்றுக்கொண்ட பிறகே கனத்துக்குப் போனார்கள். எலும்பு பலவீனம் என்பதற்காக எடையைத் தொடவே கூடாது என்ற பழைய பயத்துக்கு மட்டும் இந்த ஆய்வு முற்றுப்புள்ளி வைத்தது.

கரண்ட் வைத்தால் போதுமா?

நம் ஊர்களில் பிஸியோதெரபி என்றால் பலருக்கு நினைவுக்கு வருவது "கரண்ட் வைப்பது". முதுகில் பட்டைகளை ஒட்டி மின்சாரம் செலுத்துவது, மெழுகு ஒத்தடம், வெப்பக் கருவி. இவை வலியைத் தணிக்கும். வலி தணிந்தால்தான் பயிற்சியைத் தொடங்க முடியும் என்பதால் பயனுள்ளவையும்கூட. ஆனால் எந்தக் கருவியும் தசையை வளர்ப்பதோ எலும்பைக் கெட்டிப்படுத்துவதோ கிடையாது. பத்து நாள் கரண்ட் வைத்துக்கொண்டு வீடு திரும்பியவருக்குப் பயிற்சி எதுவும் கற்றுத் தரப்படவில்லை என்றால், வைத்தியத்தின் முக்கியமான பாதி நடக்கவே இல்லை.

பி.பி.டி. அல்லது எம்.பி.டி. படித்த பிஸியோதெரபிஸ்ட் முதலில் செய்ய வேண்டியது பரிசோதனை. எந்த எலும்பில் அடர்த்தி குறைவு, ஏற்கெனவே முறிவு உண்டா, முதுகு எவ்வளவு கூனியிருக்கிறது, நிற்கும்போது தடுமாற்றம் உண்டா, மூட்டுத் தேய்மானம், ரத்த அழுத்தம், கண்பார்வை எப்படி என்று பார்த்த பிறகே பயிற்சிப் பட்டியல். எழுபது வயதுக்காரருக்கும் ஐம்பத்தைந்து வயதுக்காரருக்கும் ஒரே அச்சடித்த தாளைக் கொடுக்கும் இடத்தில் எச்சரிக்கையாக இருப்பது நல்லது.

நான்கு வகைப் பயிற்சிகள்

*உடல் எடையைக் காலில் தாங்கும் பயிற்சி.* வேக நடை, மாடிப்படி ஏறுதல். வாரத்தில் ஐந்து நாள், நாளுக்கு அரை மணி. டவுன்ஷிப்பின் மரநிழல் சாலைகள் இதற்கு வசதியானவை. பேசிக்கொண்டே நடக்க முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. வேகத்துக்கு அதுவே அளவு. ஆனால் நடை மட்டும் போதாது. அது இடுப்பு எலும்பின் தேய்மானத்தை ஓரளவு தாமதப்படுத்துமே தவிர, முதுகுத்தண்டுக்குப் பெரிதாக எதையும் சேர்ப்பதில்லை. நீச்சலும் சைக்கிளும் இதயத்துக்கு நல்லவை. அவற்றில் உடல் எடையைத் தண்ணீரோ சீட்டோ தாங்கிக்கொள்வதால் எலும்புக்குக் கிடைப்பது குறைவு.

*தசைகளுக்கு எதிர்விசை தரும் பயிற்சி.* வாரத்தில் இரண்டு அல்லது மூன்று நாள், ஒரு நாள் விட்டு ஒரு நாள். கைப்பிடி இல்லாத உறுதியான நாற்காலியைச் சுவரோரம் போட்டு, கையை ஊன்றாமல் எழுந்து உட்காருவது. சுவரில் கை வைத்துச் சாய்ந்து தள்ளுவது. சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்தி இறக்குவது. ரப்பர் பட்டையை இரு கைகளாலும் இழுப்பது. ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் ஒரு கிலோ எடைக்குச் சமம். ஒவ்வொன்றையும் எட்டு முதல் பன்னிரண்டு முறை. பன்னிரண்டும் சிரமமில்லாமல் முடிந்தால் எடையைச் சிறிது கூட்ட வேண்டும். ஒரே எடையில் ஆண்டுக்கணக்காகச் செய்தால் எலும்பு அதற்குப் பழகிப்போகும்.

*முதுகை நிமிர்த்தும் பயிற்சி.* வயிற்றுக்கு அடியில் தலையணை வைத்துக் குப்புறப் படுத்து, கைகளை உடம்போடு சேர்த்து, மார்பைச் சிறிது உயர்த்தி ஐந்து எண்ணும் வரை நிறுத்தி இறக்குவது. குப்புறப் படுக்க முடியாதவர்கள் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து தோள்பட்டைகளைப் பின்னால் ஒன்றோடொன்று நெருக்கலாம். மூச்சை அடக்கக் கூடாது. ஏற்கெனவே முள்ளெலும்பு நசுங்கியவர்கள் இதை நேரில் கற்றுக்கொள்ளாமல் தொடங்கக் கூடாது.

*தடுமாற்றத்தைக் குறைக்கும் பயிற்சி.* மேடையைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் பத்து விநாடி நிற்பது. பழகிய பின் ஒரு விரலால் மட்டும் தொட்டுக்கொண்டு நிற்பது. ஒரு பாதத்தின் முன்னால் மறு பாதத்தை ஒட்டி வைத்து நேர்க்கோட்டில் நடப்பது. இது தினமும் செய்ய வேண்டியது. பக்கத்தில் ஒருவர் இருப்பது நல்லது.

இந்த நான்காவது வகை எலும்பை வளர்ப்பதில்லை. எலும்பு உடையாமல் காப்பது அதுதான். இடுப்பு எலும்பு முறிவுகளில் மிகப் பெரும்பாலானவை விழுவதால் ஏற்படுபவை. நியூசிலாந்தின் ஒட்டாகோ பல்கலைக்கழகம் முதியவர்கள் வீட்டிலேயே செய்ய ஒரு பயிற்சித் திட்டத்தை வகுத்தது. பிஸியோதெரபிஸ்ட் வீட்டுக்கு வந்து கற்றுக் கொடுப்பார். கால் தசைப் பயிற்சி, சமநிலைப் பயிற்சி, நடை ஆகியவை அதன் அம்சங்கள். 1997இல் எண்பது வயதுக்கு மேற்பட்ட பெண்களிடம் தொடங்கிப் பல கட்டங்களில் சோதித்ததில் விழுவது சுமார் 35 சதவீதம் குறைந்தது. எண்பது வயதுக்கு மேல் எதற்குப் பயிற்சி என்று கேட்பவர்களுக்கு இதுவே பதில்.

குனிவதில் இருக்கிறது ஆபத்து

காலைத் தொடுவது, மல்லாந்து படுத்து எழுந்து உட்காரும் பயிற்சி, இடுப்பை வேகமாகத் திருகுவது ஆகிய மூன்றும் முதுகுத்தண்டில் எலும்புப்புரை உள்ளவர்களுக்கு ஆகாதவை. முன்பக்கம் குனியும்போது முள்ளெலும்பின் முன்விளிம்பில் எடை குவிகிறது. ஏற்கெனவே சல்லடையாகிவிட்ட அந்த விளிம்பு நசுங்க அதிக விசை தேவையில்லை.

யோகாசனம் செய்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். பாதஹஸ்தாசனம், பச்சிமோத்தாசனம், ஹலாசனம் ஆகியவை குனியும் ஆசனங்கள். சூரிய நமஸ்காரத்திலும் குனியும் நிலைகள் உண்டு. எலும்பு மெலிவு இருந்தவர்களுக்கு இத்தகைய ஆசனங்களுக்குப் பிறகு முள்ளெலும்பு நசுங்கிய சம்பவங்களை டாக்டர் சினாகி 2013இல் பதிவு செய்திருக்கிறார். யோகாவைக் கைவிட வேண்டியதில்லை. தாடாசனமும் சுவரோரம் நின்று செய்யும் விருட்சாசனமும் நிமிர்வையும் சமநிலையையும் வளர்ப்பவை. யோகா ஆசிரியரிடம் முதல் நாளே ஸ்கேன் முடிவைச் சொல்லிவிட வேண்டும். வகுப்பில் எல்லோரும் குனியும்போது இவர் மட்டும் நிமிர்ந்து நிற்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

வீட்டு வேலைக்கும் இதே விதிதான். கீழே இருக்கும் பொருளை எடுக்க இடுப்பை வளைக்காமல் முழங்காலை மடக்கி இறங்க வேண்டும். பொருளை உடம்போடு ஒட்டிப் பிடித்து எழ வேண்டும். ஒரு நிறை வாளியைவிட இரு கைகளிலும் இரண்டு அரை வாளிகள் மேல். கைப்பிடி நீண்ட துடைப்பமும் மாப்பும் வாங்கலாம். கோலத்தை நின்றபடி குனிந்து போடாமல் சிறிய முக்காலியில் உட்கார்ந்து போடலாம். கேஸ் சிலிண்டரை நகர்த்துவதை வேறு யாரிடமாவது விட்டுவிடலாம். படுக்கையிலிருந்து நேராக எழாமல், ஒருக்களித்துப் படுத்துக் கையை ஊன்றி எழ வேண்டும். பலமாக இருமலோ தும்மலோ வந்தால் நிமிர்ந்து, ஒரு கையை முதுகில் அணை கொடுத்துக்கொள்ளலாம்.

குளியலறையில் கைப்பிடி, வழுக்காத தரை, படுக்கைக்கும் கழிப்பறைக்கும் இடையே இரவு விளக்கு ஆகியவை செலவு குறைந்தவை. தேய்ந்த ரப்பர் செருப்பு, சுருண்ட கால்மிதி, தரையில் புரளும் நைட்டி ஆகியவை விழ வைப்பவை. முன்பு கணுக்காலோடு நின்ற நைட்டி இப்போது தரையில் புரள்கிறது என்றால் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இளமையில் இருந்த உயரத்தில் 4 சென்டிமீட்டருக்கு மேல் குறைந்திருந்தால், வலியே இல்லாமல் முள்ளெலும்பு நசுங்கியிருக்க வாய்ப்புண்டு. டாக்டரைப் பார்ப்பதைத் தள்ளிப்போடக் கூடாது.

தட்டும் மாத்திரையும்

பயிற்சி எலும்பைக் கட்டச் சொல்லி உத்தரவு போடுகிறது. பொருள் உணவிலிருந்து வர வேண்டும். 200 மில்லி பசும்பாலில் சுமார் 240 மில்லிகிராம் கால்சியம். 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம். முளைகட்டிய கேழ்வரகில், கால்சியத்தை உடம்பில் சேரவிடாமல் தடுக்கும் ஃபைட்டேட் குறைகிறது. எள், முருங்கைக்கீரை, தயிர், முள்ளோடு சாப்பிடும் சிறு மீன்கள் எல்லாம் கணக்கில் சேரும். வயதாக ஆகப் பசி குறைந்து, ரசம் சாதத்தோடு சாப்பாடு முடிந்துவிடுவதால் புரதமும் குறைகிறது. பருப்பு, முட்டை, பால், மீன் ஏதாவது ஒன்று ஒவ்வொரு வேளையும் தட்டில் இருப்பது நல்லது.

வெயில் கொளுத்தும் நாட்டில் வைட்டமின் டி பற்றாக்குறையா என்று வியப்பவர்கள் உண்டு. திருப்பதி வட்டாரத்தில் டாக்டர் ஹரிநாராயண் குழுவினர் நடத்திய ஆய்வுகளே, வெயிலுக்குப் பஞ்சமில்லாத தென்னிந்தியாவில் இந்தப் பற்றாக்குறை பரவலாக இருப்பதைக் காட்டின. உதயத்துக்கு முன்பே முடிந்துவிடும் வாக்கிங்கில் வைட்டமின் டி கிடைக்காது. தோலில் அதை உருவாக்கும் புற ஊதாக் கதிர் நடுப்பகலை ஒட்டிய நேரத்தில்தான் போதிய அளவு இருக்கிறது. ரத்தப் பரிசோதனையில் குறைவு தெரிந்தால் டாக்டர் சொல்லும் அளவில் மருந்து. தாமாகவே வாங்கி வாரக்கணக்கில் விழுங்குவது ஆபத்து.

எலும்புப்புரைக்கான மருந்துகளை டாக்டர் எழுதியிருந்தால் பயிற்சி அவற்றுக்கு மாற்று ஆகாது. வாரம் ஒருமுறை சாப்பிடும் மாத்திரையோ ஆண்டுக்கு ஒருமுறை போடும் ஊசியோ எலும்பின் அரிப்பைக் கட்டுப்படுத்தும். அந்த மருந்துகளால் தசையை வளர்க்க முடியாது, தடுக்கி விழுபவரைப் பிடித்து நிறுத்தவும் முடியாது. அந்த வேலை பயிற்சியுடையது.

முறிந்த பிறகும்

முள்ளெலும்பு புதிதாக நசுங்கியிருந்தால் முதல் சில நாட்களுக்கு ஓய்வு தேவை. பிறகு வலி மருந்தின் துணையோடு சிறிது சிறிதாக நடக்க வேண்டும். எலும்பு ஆற 6 முதல் 12 வாரங்கள் ஆகலாம். அத்தனை நாளும் படுத்தே இருந்தால் மற்ற எலும்புகள் இளைத்து அடுத்த முறிவுக்குத் தயாராகிவிடும்.

இடுப்பு எலும்பு முறிவு இன்னும் கடுமையானது. அதற்குப் பின் ஓராண்டுக்குள் ஐந்தில் ஒருவர் வரை இறந்துவிடுவதாக உலகளாவிய மதிப்பீடுகள் சொல்கின்றன. எனவேதான் சீக்கிரம் அறுவை சிகிச்சை செய்து, அன்றோ மறுநாளோ நோயாளியைப் பிடித்து நிறுத்திக் காலடி எடுத்து வைக்கச் சொல்கிறார்கள். ஆபரேஷன் ஆன உடம்பை இப்படிப் படுத்துகிறார்களே என்று உறவினர்கள் பிஸியோதெரபிஸ்டிடம் சண்டை போடுவது வழக்கம். நெஞ்சில் சளி கட்டுவதும் காலில் ரத்தம் உறைவதும் படுக்கைப் புண்ணும் எட்டிப் பார்ப்பது படுத்துக் கிடப்பவரைத்தான்.

பலன் எப்போது தெரியும்? எலும்பு மெதுவாக வேலை செய்யும் உறுப்பு. ஸ்கேனில் மாற்றம் தெரிய ஓராண்டு, இரண்டாண்டு ஆகும். தெரிந்தாலும் அது ஓரிரு சதவீதமாகவே இருக்கும். இனிமேல் குறையாமல் நின்றால்கூட வெற்றிதான். ஆனால் கால்களின் வலிமை சில வாரங்களிலேயே கூடும். அதை வீட்டிலேயே அளக்கலாம். நாற்காலியில் உட்கார்ந்து, கைகளை மார்பில் குறுக்காகக் கட்டிக்கொண்டு, 30 விநாடியில் எத்தனை முறை முழுதாக எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ண வேண்டும். 60 முதல் 64 வயதுவரையான பெண்களுக்கு 12க்குக் கீழேயும், எழுபதுகளில் 10க்குக் கீழேயும், 80 முதல் 84 வயதில் 9க்குக் கீழேயும் இருந்தால் விழும் அபாயம் அதிகம். எண்ணிக்கையைத் தினசரி காலண்டரில் குறித்து வைத்து மாதம் ஒருமுறை ஒப்பிட்டால் போதும்.

அம்மாவுக்கு இந்தப் பயிற்சிகளைச் சொல்லித் தர பிஸியோதெரபிஸ்ட் வீட்டுக்கு வரும் நாளில், வேலைக்கு வரும் பெண்ணையும் பக்கத்தில் நிற்கச் சொல்லலாம். குனியாமல் வாளி தூக்குவது எப்படி என்று அவரும் கற்றுக்கொள்வார். கூடவே ஒரு டம்ளர் கேழ்வரகுக் கஞ்சியும் கிடைத்தால், அந்த வீட்டில் இரண்டு முதுகுகள் காப்பாற்றப்படும்.